ஆயிரத்து அறுநூறு

சௌந்தரம் துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எடை போடும்போது முடிச்சு நழுவக் கூடாது, பார்த்து முடித்ததும் ஒரே இழுப்பில் அவிழவும் வேண்டும். துணிக்குள்ளே, பழைய வேட்டித் துண்டில் கழுத்துவரை சுற்றிய பதினேழு நாள் பெண் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. மூட்டைக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சௌந்தரம் அதை விரலால் உள்ளே தள்ளினாள். பாதம் சில்லென்று இருந்தது. மார்கழி மாதம், காலை ஒன்பதரை மணி. கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கித் தராசின் கொக்கியில் மாட்டினாள்.

தராசை வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான் ராஜவேலு, குழந்தையின் அப்பன். கடிகாரம் மாதிரி வட்ட முகம், நடுவில் ஒற்றை முள், ஐம்பது கிராமுக்கு ஒரு கோடு. முள் இறங்கி, ஆடி, ஆயிரத்து எண்ணூறில் நின்றது. துணிக்கு இருநூறு கழிக்க வேண்டும். அதே அளவுத் துணிகளைத் தனியாக எடை போட்டு அவள் குறித்து வைத்திருந்த கணக்கு அது.

"ஆயிரத்து அறுநூறு" என்றாள் சௌந்தரம்.

"ஏறிக்கிதாம்மா?" ராஜவேலு அண்ணாந்தபடியே கேட்டான்.

"போன தடவை ஆயிரத்து ஐந்நூறு. மூணு நாள்ல நூறு கிராம். பொறந்தப்போ இருந்த எடைக்கு வந்துடுச்சு."

ராஜவேலு கையெடுத்துக் கும்பிட்டான். தராசைக் கும்பிட்டானா, நர்சம்மாவைக் கும்பிட்டானா என்று அவனுக்கே தெரியாது. அவன் மனைவி வீரம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள், சட்டென்று தன் நாத்தனார் கெங்கம்மாளைப் பார்த்தாள். கெங்கம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். இதைச் சௌந்தரம் பார்த்தாள். சந்தோஷத்தில் மனுஷர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதானே என்று விட்டுவிட்டாள்.

கிளியனூர்ப் பக்கத்து ஐந்து ஊர்களுக்கு அவள்தான் நர்சம்மா. வயது நாற்பத்தொன்று. விழுப்புரத்தில் படித்து, பயிற்சி முடித்து, சைக்கிள் ஓட்டவும் அங்கேயே கற்றுக்கொண்டவள். வீடு திண்டிவனத்தில். கணவன் பாண்டுரங்கனுக்கு விழுப்புரம் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அவன் எடை போடுவது மூட்டை, இவள் எடை போடுவது பிள்ளை. "என் மூட்டைங்க அழுவாது, அதான் வித்தியாசம்" என்பான். பிள்ளை இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். சௌந்தரத்துக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. அவள் கையில் பிறந்த பிள்ளைகள் அந்த வருஷத்தோடு, அதாவது எண்பத்து மூன்றோடு, மொத்தம் நானூறைத் தாண்டியிருந்தன.

இந்தப் பிள்ளை ஏழரை மாதத்தில் அவசரப்பட்டு வந்தது. வீரம்மாளுக்கு இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. முகாமுக்கு வந்த திண்டிவனத்து டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்ட வேண்டும், சூடு குறையவே கூடாது என்றார். "எடை முதல்ல கொஞ்சம் இறங்கும், அப்புறம் ஏறும். ஏறினது திரும்ப இறங்க ஆரம்பிச்சா ஒரு நாள்கூட வெச்சிக்காதீங்க, தூக்கிக்கினு வந்துடுங்க" என்று சௌந்தரத்திடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஆயிரத்து அறுநூறில் பிறந்து, எட்டாம் நாள் ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்கு இறங்கி, பதினாலாம் நாள் ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறியிருந்தது. இன்று ஆயிரத்து அறுநூறு.

"அப்ப தலைக்கு ஊத்தலாமில்ல?" கெங்கம்மாள் அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். ராஜவேலுவின் அக்கா, வல்லத்தில் கொடுத்திருக்கிறது. நெல் அவித்து அரிசியாக்கி விற்கிறவள். ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற உடம்பு. தம்பி மகளைப் பார்க்க மூன்று நாள் முன்னால் வந்தவள், வந்த நாளிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "பதினேழு நாளா பொட்டுத் தண்ணி படல. எங்க ஊர்ல இப்பிடி வெச்சிருந்தா காறித் துப்புவாங்க. பொறந்த எடை வந்தா ஊத்தலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். சௌந்தரம் யோசித்தாள்.

"நாளைக்கு மத்தியானம் ஊத்துங்க."

"நான் இன்னிக்கு சாயங்காலம் ஊருக்குப் போவணும்மா. நெல்லு ஊறிக்கினு கெடக்குது. இந்த வீரம்மாளுக்குப் புள்ளையக் குளிப்பாட்டத் தெரியாது, அது கையில உட்டுட்டுப் போனா நழுவ உட்டுடும்."

"இன்னா அண்ணி, புள்ளைய நழுவ உடுவாங்களா?" என்றாள் வீரம்மாள்.

"சொம்பையே நழுவ உடற."

சௌந்தரம் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு வாக்கும் வந்துவிட்டது. "சரி, மூணு மணிக்கு முன்னால. வெயில் இருக்கும்போதே ஊத்தி, சட்டுனு தொடச்சி, சுத்திடணும். இனிமே சங்கும் மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் போதும், நடுவுல மார்லயே விட்டுப் பாரு."

நோட்டில் எழுதினாள்: பதினேழாம் நாள், 1,600. தராசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினாள். மாதக் கணக்கைத் திண்டிவனம் ஆபீசில் கொடுக்க வேண்டிய நாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டில் இருப்பதைப் படிவத்தில் படியெடுக்க ஆரம்பித்தாள். ராஜவேலு மகள் வரிசைக்கு வந்தபோது கை நின்றது.

நூறு கிராம். மூன்று நாளில்.

நிறை மாதத்தில் பிறந்து முட்டி முட்டிக் குடிக்கிற பிள்ளைக்கே நாளைக்கு முப்பது கிராம் ஏறினால் பெரிது. இது வாயைத் திறக்கவே சோம்பல்படுகிற பிள்ளை. இதற்கு எங்கிருந்து நூறு கிராம் வந்தது?

சரி, கோடு ஐம்பதுக்கு ஒன்று. முள் நடுவில் நின்றிருக்கும், நாம் ஆசையில் அந்தப் பக்கம் சேர்த்துப் படித்திருப்போம். அப்படி வைத்தாலும் எழுபத்தைந்து. அப்படியும் முள் நடுவில் நிற்கவில்லை. கோட்டின் மேலேயே நின்றது, ஆடாமல்.

ஆடாமல். சௌந்தரம் பேனாவை மூடினாள். பதினாலாம் நாள் எடை போட்டபோது முள் நிலைகொள்ளாமல் துடித்தது. மூட்டைக்குள் குழந்தை காலை உதைத்துக்கொண்டே இருந்தது. முள் நிற்க எத்தனை நேரம் காத்திருந்தோம், ராஜவேலுவுக்குக் கழுத்து வலித்தது. இன்று முள் இரண்டு ஆட்டம் ஆடிச் சமர்த்தாக நின்றுவிட்டது. படிக்க வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததால் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு அந்தப் பாதம். நீட்டிக்கொண்டிருந்த, சில்லிட்ட பாதம்.

எடை என்பது தனியாக ஏறுகிற சமாச்சாரம் இல்லை. அது ஏறினால் கூடவே நாலு விஷயம் மாற வேண்டும். உடம்பு பெருத்தால் சூடு தங்க வேண்டும், தோல் சுருக்கம் விட வேண்டும், குரல் தடிக்க வேண்டும், உறிஞ்சுகிற வேகம் கூட வேண்டும். இங்கே நோட்டில் இருக்கிற எண் மட்டும் ஏறியிருக்கிறது. மற்றதெல்லாம் இறங்கியிருக்கிறது.

முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி, "மயக்கமா? எலுமிச்சம்பழம் இருக்குது, மோந்து பாக்கறியா?" என்றாள்.

"வாணாம்மா. மணி என்ன ஆவுது?"

"எனக்கு இன்னா தெரியும், நீதான் கட்டிக்கினு இருக்கற."

பன்னிரண்டு நாற்பது. கெங்கம்மாள் இந்நேரம் அண்டாவில் தண்ணீர் ரொப்பியிருப்பாள்.

சௌந்தரம் சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறுகிறவள் அல்ல. ஆனால் குளியல் என்றால் அவளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. முதல் வேலை விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். ஆயிரத்து நானூறு கிராமில் ஒரு பையன் பிறந்தான். தீட்டுக் கழிக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தார்கள். அவளுக்கு இருபத்து மூன்று வயது, பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. வெந்நீர்தானே என்று நினைத்தாள். வெந்நீர் ஊற்றும்போது சூடுதான். ஊற்றி முடித்த பிறகுதான் வினை. ஈர உடம்பு, கைப்பிடி அளவு சதை, பனி. சாயங்காலத்துக்குள் பையன் அழுகையை நிறுத்திவிட்டான். சமத்தாகத் தூங்குகிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். விடிவதற்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு, ஈரத் துணியால் முகம் துடைப்பதற்குக்கூட அவளிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஐந்து ஊருக்கும் சட்டம் போட்டிருந்தாள். அந்தச் சட்டத்தை இன்று காலை அவளே சிரித்துக்கொண்டே தளர்த்திவிட்டு வந்திருக்கிறாள்.

ஒருவேளை தராசு கெட்டிருந்தால்? சுருள்வில் தளர்ந்தால் முள் அதிகம் இறங்கும். பஸ் திண்டிவனத்தில் நின்றதும், ஆபீஸ் பக்கம் போகாமல் நேரே சவுரிராயன் மளிகைக் கடைக்குப் போனாள். அவள் மாதச் சாமான் வாங்குகிற கடை.

"ஒரு கிலோ கல்லு, அரை கிலோ கல்லு, நூறு கிராம் கல்லு குடு. ஜல்தி."

சவுரிராயன் புளி உருண்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னா நர்சம்மா, முத்திரை போடற ஆபீசருங்க மாதிரி வந்து கேக்கறீங்க? பக்குன்னு ஆயிடுச்சி."

"உன் கல்லைச் சோதிக்க வரல. என் தராசைச் சோதிக்கணும். இதை அந்த ஆணியில மாட்டு."

காலையில் கட்டிய அதே துணியில், வேட்டித் துண்டு அளவுக்கு இன்னொரு துணியையும் சேர்த்து, இரும்புக் கற்களை வைத்து, அதே முடிச்சைப் போட்டு, கொக்கியில் மாட்டினாள். மல்லாட்டைக் கடலை வாங்க வந்திருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். முள் இறங்கி, ஆடி, ஆயிரத்து எண்ணூறில் நின்றது. துணிக்கு இருநூறு கழித்தால் ஆயிரத்து அறுநூறு. சுத்தம்.

"தராசு சரியாத்தான இருக்குது? அப்பறம் ஏன் மூஞ்சி இப்பிடிப் போவுது?" என்றான் சவுரிராயன்.

தராசு சரியாக இருந்தால்தான் பயம். தராசு பொய் சொல்லவில்லை. மூட்டைக்குள் ஆயிரத்து அறுநூறு இருந்தது நிஜம். ஆனால் அவ்வளவும் குழந்தை இல்லை.

பாண்டுரங்கன் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது. மாம்பழக் கூடை என்று எழுதியிருக்குமாம், எடையும் சரியாக இருக்குமாம், பிரித்தால் பாதி வைக்கோலும் செங்கல்லுமாம். "மூட்டையைப் பிரிச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பீற்றிக்கொள்வான். அவள் பிரிக்கவில்லை. குழந்தையை முழுசாக அவிழ்த்துத்தான் எடை போட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவிழ்த்தால் குளிரும் என்று அவளாக மார்கழிக்கு ஒரு வழி கண்டுபிடித்து, துணியோடு போட்டுத் துணியைக் கழித்து வந்தாள். பதினாலாம் நாள்வரை அந்தக் கணக்கில் தப்பு வரவில்லை.

மணி ஒன்றரை. பாண்டிச்சேரி போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒன்று ஐம்பது ஆனது. கண்டக்டர் கீழே நின்று ஊர்ப் பெயர்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்போப்பா எடுப்பீங்க?"

"ரொம்பட்டும்மா. காலி வண்டிய ஓட்டினா முதலாளி என்னை ஓட்டிடுவாரு."

"ஒரு புள்ளை உசுரு விஷயம்."

"உங்க புள்ளையாம்மா?"

"ஆமா" என்றாள் சௌந்தரம். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

கண்டக்டர் அவள் வெள்ளைப் புடவையையும் பையையும் பார்த்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் ஓடினார். இரண்டு மணிக்கு வண்டி நகர்ந்தது. வழியெல்லாம் கை காட்டுகிறவர்களுக்கு நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சௌந்தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். முட்டாள்தனம், பார்ப்பதால் பஸ் வேகமாகப் போகாது என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்திலும் பார்த்தாள். கிளியனூரில் இறங்கியபோது இரண்டு ஐம்பது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் கெங்கம்மாள் பலகையைப் போட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலின் இடுக்கில் குழந்தை குப்புறக் கிடந்தது. முதுகில் எண்ணெய் மினுமினுத்தது. பக்கத்தில் அண்டா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது. இரண்டாவது சொம்பு கையில் இருந்தது.

"ஊத்தாதே!"

கெங்கம்மாள் திடுக்கிட்டதில் சொம்பு சாய்ந்து தண்ணீர் மண்ணில் கொட்டியது. சௌந்தரம் பையை வீசிவிட்டுக் குழந்தையை வாரி எடுத்தாள். எடுத்த கையில் கனமாக ஏதோ உரசியது. குழந்தையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண், இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு வயசுப் பிள்ளைக்குப் போடுகிற கனம். விரல் தடிமன்கூட இல்லாத இரண்டு கையிலும், முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்ட வெள்ளிக் காப்பு.

உதடு நீலம் பாய்ந்திருந்தது. குழந்தை அழவில்லை.

சௌந்தரத்துக்கு இது என்ன என்று கேட்க நேரமில்லை. முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள். "வீரம்மா, ரவிக்கையை அவுரு. ராஜவேலு, கதவைச் சாத்திட்டு வெளியே நில்லு. அடுப்புல வெறகை வெச்சித் தள்ளு, அடுப்பண்டை பாயைப் போடு." அரைஞாணையும் காப்பையும் கழற்றித் தரையில் போட்டாள். குழந்தையின் உடம்பில் ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் ஒற்றி எடுத்தாள். வீரம்மாளின் வெற்று மார்பின் மேல் குழந்தையை நிறுத்தி வைத்து, தலையில் துணியைச் சுற்றி, இரண்டு பேரையும் சேர்த்துப் புடவையால் இறுகக் கட்டினாள். அதற்கு மேல் கம்பளி.

"இது சும்மா துணியில சுத்தி வெக்கற மாதிரி இல்ல. உன் உடம்புச் சூடு இது உடம்புக்குப் போவணும். அசையாதே."

பிறகு உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். முதலில் உதடு நிறம் மாறியது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். வீரம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"நீ அழாதே, அது அழட்டும்" என்றாள் சௌந்தரம்.

கெங்கம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் புடவை முழுக்க ஈரம். "பதினாறாம் நாளு அத்தை காப்புப் போடணும்மா. எங்க வழக்கம் அது. ரெண்டு புள்ளைக்கு வாங்கி வெச்சி, போடறதுக்கு முன்னாடியே போயிடுச்சிங்க. இதுக்காவது போட்டுடணும்னு நேத்து போட்டன். நீங்க உடம்புல ஒண்ணும் கட்டக் கூடாதுன்னு சொன்னீங்களாம். அதான் துணிக்குள்ளாற வெச்சி சுத்திட்டோம்."

"எடை போடும்போதாவது சொல்லியிருக்கலாமே."

"எனக்கும் தோணிச்சும்மா" என்றாள் வீரம்மாள், கம்பளிக்குள்ளிருந்து. "நீங்க ஆயிரத்து அறுநூறுன்னு சொன்னதும் அண்ணியப் பாத்தன். ஆனா ஏறிடுச்சின்னு நீங்களே சொல்றப்போ, இல்லன்னு சொல்ல வாயி வர்ல."

சௌந்தரம் அவளைத் திட்டவில்லை. அதே சந்தோஷத்தில்தான் அவளும் முள்ளைப் பார்த்துவிட்டுப் பாதத்தை மறந்தாள்.

தராசை எடுத்துக் கையில் பிடித்து, வெள்ளியை ஒரு துணியில் முடிந்து மாட்டினாள். துணியைக் கழித்தால் நூற்று ஐம்பது கிராம். ஆயிரத்து அறுநூறில் நூற்று ஐம்பது போனால் ஆயிரத்து நானூற்று ஐம்பது. மூன்று நாளில் குழந்தை ஐம்பது கிராம் இறங்கியிருந்தது.

"ராத்திரி சங்குல பாலு குடுத்தியா?"

வீரம்மாள் கெங்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"தூங்கற புள்ளைய எழுப்பாதன்னு நான்தாம்மா சொன்னன்" என்றாள் கெங்கம்மாள். "பசிச்சா தானா அழும்னு சொன்னன்."

"அழறதுக்கும் தெம்பு வேணும். அது தூங்கல, சோந்து கெடக்குது." சௌந்தரம் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "நீ நெல்லு அவிக்கிறவதான? அண்டாவை எறக்கி வெச்சா எவ்ளோ நேரம் சூடு இருக்கும்?"

"சாயங்காலம் எறக்கினா விடியறப்பகூட கை வெக்க முடியாது."

"அதே தண்ணிய ஒரு டம்ளர்ல மொண்டு பக்கத்துல வெச்சா?"

"வெத்தல போடறதுக்குள்ள ஆறிப்பூடும்."

"நீ அண்டா, நான் அண்டா. இது டம்ளர். உனக்கு வெந்நீர் ஊத்தினா சொகமா இருக்கும். இதுக்கு ஊத்தினா, ஈரம் காயறதுக்குள்ள உள்ள இருக்கற சூடெல்லாம் போயிடும். உடம்பு எளைக்க எளைக்க இன்னும் சீக்கிரம் ஆறும். அதுக்குத்தான் எடை. நீ போட்ட வெள்ளி கனமாத்தான் இருந்துச்சி. ஆனா வெள்ளி பால் குடிக்குமா, சூடு பண்ணுமா?"

கெங்கம்மாள் தரையில் கிடந்த அரைஞாணைப் பார்த்தாள். எடுக்கவில்லை. "நான் கொன்னுருப்பன்" என்றாள்.

"நானும்தான். ஊத்துன்னு சொல்லிட்டுப் போனது நான். இப்போ அதைப் பேசறதுல பிரயோசனம் இல்ல. ஈரப் புடவைய மாத்திக்கினு வா. வீரம்மாவால ராவெல்லாம் இப்பிடியே உக்கார முடியாது. நீ மாத்திக் கட்டிக்கணும்."

"என் மேலயா?"

"உன் உடம்புலதான் சூடு நெறைய இருக்குது. அண்டா."

அந்த அவசரத்திலும் வீரம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ராஜவேலு அப்போதே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றான். சாயங்கால பஸ் போய்விட்டது, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திறந்த மாட்டு வண்டியில் பனிக்காற்றில் பதினெட்டு கிலோமீட்டர். சௌந்தரம் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு வரத் தொடங்கியிருந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. இப்போது கிளம்பினால் வழியிலேயே திரும்ப ஆறிவிடும். தங்கினால் பால் இறங்குமோ இறங்காதோ. இரண்டிலும் ஆபத்து இருந்தது. சூடு ஏற்றி, பால் ஏற்றி, வெயில் வந்ததும் போவது என்று முடிவு செய்தாள். முடிவு சரிதானா என்று விடியும்வரை தெரியப்போவதில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை. ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய படிவம் பையிலேயே கிடந்தது. இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சங்கு ஏறியது. ஒவ்வொரு தரமும் நெற்றியை அல்ல, பாதத்தைத்தான் தொட்டாள்.

மறுநாள் காலை ஏழரை மணி பஸ்ஸில் நாலு பேரும் ஏறினார்கள். குழந்தை வீரம்மாளின் மார்போடு கட்டிக் கிடந்தது. வெளியே பார்த்தால் பிள்ளை இருப்பதே தெரியாது. ராஜவேலு பஸ்ஸின் ஒரு பக்கத்து ஜன்னல் படுதாக்களையெல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டே போனான். நேற்றைய கண்டக்டர்தான்.

"ஏன்யா பஸ்ஸ இருட்டாக்கற?"

"காத்து அடிக்குதுங்க."

கண்டக்டர் சௌந்தரத்தைப் பார்த்தார். "உங்க புள்ளையாம்மா?"

"ஆமா."

அவர் போய் மற்ற பக்கத்துப் படுதாக்களை இறக்கினார்.

ஆஸ்பத்திரியில் விளக்குக்குக் கீழே குழந்தையை முழுசாக அவிழ்த்துத் தட்டுத் தராசில் வைத்தார்கள். கால் இரண்டையும் உதைத்தது. முள் ஆடிக்கொண்டே இருந்தது. சௌந்தரம் காத்திருந்தாள். ஆயிரத்து நானூற்று எழுபது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "நேத்து ஆயிரத்து அறுநூறுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு ராத்திரியில நூத்து முப்பது போச்சா?"

"போகலை சார். நேத்து அவ்வளவு எடை இல்லவே இல்ல. இடுப்புல வெள்ளி இருந்தது, துணியோட போட்டுட்டேன். அவிழ்த்துப் பாக்காதது என் தப்பு. குளிக்க ஊத்தலாம்னு சொன்னதும் நான்தான்."

டாக்டர் திட்டுவார் என்று சௌந்தரம் எதிர்பார்த்தாள். அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த நர்ஸிடம், "சூட்டுப் பெட்டியைப் போடு. மூக்குல குழாய் வெச்சிப் பால் குடுப்போம். அம்மா இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு சௌந்தரத்தின் பக்கம் திரும்பி, "எப்படிக் கொண்டு வந்தீங்க? சூடா இருக்கே" என்றார்.

"மார்ல கட்டி, சார்."

வராந்தாவில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். வல்லத்து பஸ் போய்விட்டது. ஊறவைத்த நெல் முளை கட்டிவிடும். அவள் எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து நீட்டினாள். உள்ளே அரைஞாணும் காப்பும் இருந்தன. "நீங்க வெச்சிக்கங்க. எப்போ போடலாம்னு நீங்க சொல்றப்போ போடறன்."

"என்கிட்ட குடுக்காதே, நான் எங்கியாவது வெச்சிடுவேன். உன்கிட்டயே இருக்கட்டும். ரெண்டரை கிலோ வரட்டும், நானே ஆள் அனுப்பறேன்."

சௌந்தரம் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பதினேழாம் நாள் வரியில் 1,600 என்பதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே 1,450 என்று எழுதினாள். பக்கத்தில், 'வெள்ளி 150 கிராம், அவிழ்க்காமல் போட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வரியில் பதினெட்டாம் நாள், 1,470. படிவத்திலும் அதையே திருத்தினாள். பேனாவை மூடிவிட்டு உள்ளே போய், பெட்டிக்குள் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கிளியனூரில் இன்னும் மூன்று குழந்தைகளுக்கு எடை போட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அடுப்பண்டை வைத்து அவிழ்த்துத்தான் போட வேண்டும்.